மூக்குப் பாட்டுக்கு விழுந்த அம்புகள்

ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது மதியழகனின் உறுதியான கருத்து. அவர்களுக்கு எது பிடிக்கும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாதாம். அதுவும் இவனுக்குத்தான் தெரியுமாம். வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்து, பிளஸ் டூ வரை அங்கேயே படித்து, சென்னைக்குப் போய்ப் பதினைந்து வருஷம் நாடகக் குழுக்களின் பின்னால் அலைந்ததில் அவனுக்குக் கிடைத்த ஞானம் மொத்தமும் இவ்வளவுதான்.

அந்த ஞானத்தை வைத்து அவன் ஒரு பாட்டு நாடகம் எழுதியிருந்தான். பெயர் 'ஏழாம் நம்பர் மாப்பிள்ளை'. ஆம்பூர் ஷூ கம்பெனி முதலாளி வீட்டில் பெண் எடுக்க வருகிற சென்னை மாப்பிள்ளை, ஊருக்குள் காலை வைத்ததும் தோல் பதனிடும் வாடை தாங்காமல் படுகிற பாடுதான் கதை. பாட்டு பதினொன்று. சிரிப்பு எங்கே என்று கேட்கக் கூடாது. பதினொன்றிலும் அவன் உயிரை வைத்திருந்தது மூன்றாவது பாட்டில். 'மூக்கைப் பொத்து மாப்பிள்ளே, முதலிரவே ஆம்பூரிலே' என்று தொடங்கும். பதினாறு பேர் இரண்டு வரிசையாக நின்று, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் விசிறிக்கொண்டு ஆட வேண்டும். ஒத்திகையில் இந்தப் பாட்டு வரும்போதெல்லாம் மதியழகன் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பான். கூடச் சிரிக்க வேண்டியது நடிகர்களின் கடமை, அவர்களும் செய்தார்கள்.

செலவுக்கு ஆள் கிடைத்தது ஆம்பூரிலேயே. ஷூ கம்பெனி வைத்திருக்கும் மக்பூல் அகமதுக்கு நாடகம் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆசை. கதையை முழுக்கக் கேட்கவில்லை, நம்ம ஊர்க் கதை என்றதும் தலையாட்டிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"முதல்ல நம்ம ஜனங்க முன்னாடி ரெண்டு தடவ போட்டுக் காட்டுங்க தம்பி. இந்த ஞாயித்துக்கிழம ஆம்பூரு, அடுத்த ஞாயித்துக்கிழம வேலூரு. ஆம்பூர்ல போடற அன்னிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன், வேலூருக்கு வர்றேன். அவங்க சிரிச்சா சென்னை என் பொறுப்பு. சிரிக்கலைன்னா இதோட வுட்டுடுவோம்."

மதியழகன் அதற்கு ப்ரிவ்யூ என்று பெயர் சொல்லி, வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள் என்று அவருக்கே விளக்கினான்.

ஆம்பூர்க் கல்யாண மண்டபத்தில் காலை பத்தரைக்கு ஆட்டம். கம்பெனி பஸ்ஸில் இருநூறு பெண்கள் வந்து இறங்கினார்கள். வார விடுமுறையில் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு, தலைக்குப் பூ வைத்து, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள். மதியழகன் திரைச் சந்து வழியாக அவர்களைப் பார்த்துவிட்டு, கீபோர்டு வாசிக்கும் ஜோசுவாவிடம், "இதுங்களுக்கு காமெடி புரியணுமே" என்றான். ஜோசுவா பேரணாம்பட்டுக்காரன். அவன் அம்மாவும் அந்த இருநூறு பேரில் ஒருத்தி. அவன் குனிந்து ஒயரைச் சரிபார்த்தான்.

மூக்குப் பாட்டு வந்தது. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது. 'மெய்மறந்து பார்க்கிறார்கள்' என்று மதியழகன் பூரித்துப் போனான்.

எட்டாவது பாட்டு சங்கீதாவினுடையது. சங்கீதா ஆம்பூர்ப் பெண். அந்தக் கம்பெனியிலேயே நாலு வருஷம் செக்கிங்கில் இருந்தவள், குரல் நன்றாக இருக்கிறது என்று முதலாளியே அனுப்பி வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் டிபன் பாக்ஸ் திறக்கிற காட்சிக்கு மதியழகன் எழுதிக் கொடுத்த பாட்டை அவளால் பாடவே முடியவில்லை. 'சார், இப்டி யாரும் பேச மாட்டாங்க' என்று சொல்லிவிட்டு அவளே வேறு எழுதிக்கொண்டு வந்தாள். எட்டாவது பாட்டுதானே, ஒழிந்து போகட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

'டப்பாவ தொறந்தா தெரியும்க்கா உங்க வூட்டு சேதி,
முட்ட இருந்தா சமாதானம், ஊறுகான்னா சண்ட மீதி.'

அவள் இதைப் பாடியதும் மண்டபம் கலகலத்துப் போயிற்று. ஒருத்தி அடுத்தவளை இடித்தாள். ஒருத்தி பின்வரிசைக்குத் திரும்பி, "ஏ கோவிந்தம்மா, உன்னத்தான் சொல்றா" என்றாள். ஆளாளுக்குப் பேச்சு, சிரிப்பு. மதியழகனுக்கு ரத்தம் கொதித்தது. மேடையில் ஒருத்தி பாடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிச் சிரிக்கிறார்களே, பாட்டு எடுபடவில்லை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் மைக்கைப் பிடித்தான். மண்டப வாசலில் பதினொரு பாட்டின் வரிகளையும் பெரிய ஃபிளெக்ஸில் அச்சடித்து மாட்டியிருந்தான். பிடித்த வரியில் ஜனங்கள் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் வேண்டும் என்று கம்பெனி ஆபீஸில் கேட்டிருந்தான், அவர்களும் கையில் இருந்ததை அனுப்பியிருந்தார்கள். சுருள் சுருளாக, சிவப்பு நிறத்தில், நகம் அளவு அம்புக்குறி ஸ்டிக்கர்.

"தாய்மார்களே, தயங்காதீங்க. எது உங்க கண்ணுல பட்டுதோ அதுல ஒட்டிட்டுப் போங்க. எவ்வளவு வேணாலும் ஒட்டலாம்."

இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் ஒரே ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்கும் அந்தச் சிவப்பு அம்பு எதற்கு என்று தெரியும். ஷூவில் எங்கே கீறல், எங்கே சுருக்கம், எங்கே தையல் ஓடியிருக்கிறது என்று செக்கிங் பெண்கள் பார்த்து, சரியாக அந்த இடத்தைக் காட்டி அம்பை ஒட்டுவார்கள். 'கண்ணுல பட்டா ஒட்டு' என்பது சூப்பர்வைசர் தினமும் காலையில் சொல்கிற வார்த்தை. குறை இல்லாத ஷூவில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை. அது அப்படியே பெட்டிக்குள் போய், கப்பல் ஏறிவிடும். சத்துவாச்சாரியில் பிறந்த மேதைக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதும் இல்லை.

முத்துமாரி முதலில் போனாள். பதினெட்டு வருஷம் ஃபைனல் செக்கிங்கில் இருப்பவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபிளெக்ஸை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்து, மூக்குப் பாட்டின் முதல் வரியில் ஒன்று ஒட்டினாள். கொஞ்சம் யோசித்து இரண்டாவது வரியிலும் ஒட்டினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அரை மணி நேரத்தில் மூக்குப் பாட்டின் எழுத்தே தெரியவில்லை, அவ்வளவு சிவப்பு. மற்ற பாட்டுகளிலும் அங்கங்கே பத்து, இருபது. சங்கீதாவின் எட்டாவது பாட்டு மட்டும் துடைத்து வைத்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

மதியழகன் அந்த ஃபிளெக்ஸின் முன்னால் நின்று ஐந்து விதமாகப் படம் எடுத்துக்கொண்டான். "வரி வரியா ரசிச்சிருக்காங்க ஜோசுவா. பாரு, ஒவ்வொரு வார்த்தையையும் அம்பு போட்டுக் காட்டியிருக்காங்க. இந்த ஜனத்தை நான் கொஞ்சம் கம்மியா எடை போட்டுட்டேன்."

மறுநாள் ஒத்திகையில் தீர்ப்பு சொன்னான். எட்டாவது பாட்டு நீக்கம். அந்த நேரம் மூக்குப் பாட்டுக்கு. அதில் இன்னும் மூன்று சரணம், கூடவே ஒரு புகை மெஷின். சங்கீதா இனிமேல் பின்வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆடினால் போதும்.

சங்கீதாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பாட்டு ஒன்றுதான் அவளுடையது. அவள் அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆனாலும் அவள் அழவில்லை, நேராக அவனிடம் வந்தாள்.

"சார், அந்த ஸ்டிக்கரு வந்து..."

"தெரியும்மா. கஷ்டமாத்தான் இருக்கும்."

"அது இல்ல சார். எங்க செக்கிங்குல..."

"சங்கீதா, இங்க பாரு." மதியழகன் அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துப் பேசினான். "நீ இந்த ஜனத்துக்குள்ளேருந்தே வந்தவ. அதனால உன் பாட்டு அவங்களுக்குப் புதுசா தெரியல. ஒண்ணுகூட விழல பாத்தியா? கலைன்னா அடிபடத்தான் செய்யும். நான் எவ்வளவு பட்டிருக்கேன் தெரியுமா?"

பிறகு இருபது நிமிஷம் அவன் பட்ட அடிகளைப் பற்றிச் சொன்னான். கேட்டு முடித்தபோது சங்கீதாவுக்கு அழுகை எல்லாம் போய், அவன்மேல் ஒரு இளக்காரம் வந்திருந்தது. இந்த ஆளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து மூக்குப் பாட்டில் அவள் ஆடினாள், மூக்கை மட்டும் பொத்தவில்லை. பின்வரிசை என்பதால் மதியழகன் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வேலூர். மக்பூல் அகமது தன் மனைவி குர்ஷித்துடன் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். கம்பெனி பஸ் ஆம்பூர்ப் பெண்களையும் மறுபடி ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. சங்கீதா பாட்டைக் கேட்கலாம் என்றுதான் பாதிப் பேர் வந்தார்கள். மதியழகன் புது ஜிப்பா போட்டிருந்தான். சென்னை மேடையில் என்ன பேசுவது என்பதுவரை அவன் மனசில் தயார்.

மூக்குப் பாட்டு பதினொரு நிமிஷம் ஓடியது. புகை மெஷின் பாதியில் மக்கர் செய்து முன்வரிசைமேல் புகையைக் கக்கியது. குர்ஷித் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஆம்பூரில் இருந்த அமைதி இங்கேயும் இருந்தது, ஆனால் இந்தத் தடவை முதலாளியின் முகம் எதிரே இருந்ததால் அது மெய்மறந்த அமைதி இல்லை என்று மதியழகனுக்கே சந்தேகம் தட்டியது. எட்டாவது பாட்டு வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றதும் பின்னால் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்தது. மக்பூல் அகமது மேடை ஓரத்துக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"தம்பி, எங்க வாப்பா தோல் பதனிடுற ஷாப்பு வெச்சிருந்தாரு. நான் அதுக்குப் பின்கட்டு வூட்லதான் பொறந்தேன். நீங்க மூக்கப் பொத்துனீங்களே, அந்த வாடையிலதான் எனக்குக் கலியாணம் ஆச்சு. இதோ இவங்க அத்தன பேரு வூட்லயும் அடுப்பு எரியுறது அதாலதான். நாத்தம் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா இன்னா இருக்கு இதுல சிரிக்கிறதுக்கு?"

"சார், உங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம்." மதியழகன் நிமிர்ந்தான். "ஆனா ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. எங்கிட்ட ஆதாரம் இருக்கு."

ஃபிளெக்ஸைக் கொண்டுவரச் சொல்லி, முதலாளி முன்னால் தானே விரித்துப் பிடித்தான். மக்பூல் அகமது முதலில் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்னால் திரும்பி, "முத்துமாரி, இங்க வாம்மா. இது இன்னா?" என்றார்.

முத்துமாரி எழுந்து வந்தாள். நாலு ஸ்டிக்கரைப் பார்த்ததுமே அது யார் ஒட்டியது என்று சொல்லக்கூடியவள்.

"செக்கிங் மொதலாளி. சார்தான் கண்ணுல பட்டத ஒட்டச் சொன்னாரு." விரலை வைத்துக் காட்டினாள். "இந்த எடத்துல சுருக்கம். இங்க ஓட்ட. இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரல. இந்த மூணாம் பாட்டு முழுசாவே ரிஜெக்ட். நாங்க இவ்ளோ ஒட்டியும் சாரு அதயே ஜாஸ்தி பண்ணிக் கொண்டாந்துட்டாரு. எங்களுக்கு ஒண்ணுமே புரியல."

மதியழகன் ஃபிளெக்ஸை இறக்கினான். காதுமடல் எரிந்தது. அந்த நிமிஷத்திலும் அவனுக்கு வந்த முதல் நினைப்பு, 'இதுங்க ஏன் ஒழுங்காப் புரிஞ்சுக்கல' என்பதுதான்.

"ஒரு அம்பும் இல்லாத பாட்டு ஒண்ணு இருக்கே," என்றார் மக்பூல் அகமது. "அது எங்க?"

ஜோசுவாதான் சொன்னான், "எடுத்துட்டாங்க மொதலாளி."

"நல்ல பீஸ தூக்கிக் கடாசிட்டு, ரிஜெக்ட டப்பாவுல அடைச்சிருக்கீங்க. எங்க கம்பெனியில இத செஞ்சிருந்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பேன்." அவர் பெருமூச்சு விட்டார். "சரி. அந்தப் பாட்டு திரும்ப வந்தா மேல பேசுவோம். இல்லாட்டி சென்னை கின்னை எதுவும் கெடையாது. பாட்டுக்காரப் பொண்ணக் கேளுங்க."

மதியழகன் திரும்பினான். மேடைமேல் நின்றிருந்த சங்கீதாவைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லம்மா?"

"சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க எனக்கு ஆறுதல் சொல்லிட்டீங்க."

"சரி, விடு. மறுபடி பாடுறியா?"

சங்கீதா அவசரப்படவில்லை. "பாடுறேன். பாட்டு நான் எழுதுனது, நோட்டீஸ்ல என் பேரு வரணும். அப்புறம் அந்த மூக்குப் பாட்டு இருக்கக் கூடாது. அது இருக்கிற மேடையில நான் பாட மாட்டேன்."

முதல் நிபந்தனையை அவன் விழுங்கிவிட்டான். இரண்டாவது தொண்டையில் நின்றது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே மறந்துபோய், உண்மையான கவலையோடு, கண்ணில் நீர் தளும்ப அவளிடம் கேட்டான்:

"அத எடுத்துட்டா என் நாடகத்துல இன்னாம்மா மிச்சம் இருக்கும்?"

முத்துமாரிதான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுத்த நிமிஷம் மண்டபமே சிரித்தது, மக்பூல் அகமது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், புகைக்குப் பயந்து வெளியே போன குர்ஷித் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மேடையில் சங்கீதாவும் சிரித்தாள். மதியழகன் எழுதி எழுதிப் பார்த்தும் இரண்டு ஞாயிறாகச் சிரிக்காத ஜனம், அவன் எழுதாமல் சொன்ன ஒரு வரிக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவன் ஜோசுவாவைக் கேட்டான்.