அந்தோனியார் கொடுத்த கால்

சவரியம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். மனுசரிடம் சொன்னதையே மாற்ற மாட்டாள், அந்தோனியாரிடம் சொன்னதை மாற்றுவாளா? மகள் டொறீனுக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு வலது கால் துவண்டுபோனபோது, இரத்தோட்டைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து அந்தோனியார் கோயிலில் முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சை வைத்தாள். "இந்தப் புள்ளைய நடக்க வச்சிருங்க சாமி. உசுரு இருக்கிற வரைக்கும் தவக்காலத்துல கூத்து, படம், எந்த வேடிக்கையும் பார்க்க மாட்டேன்."

டொறீன் நடந்தாள். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு அம்மாவின் முந்தானையைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல். அதோடு நின்றாளா? ஓடவும் தொடங்கிவிட்டாள். 1963ஆம் வருஷம், பதினைந்து வயதில், மாத்தளை மைதானத்தில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த ஓட்டப்போட்டிக்குத் தேர்வானாள். போட்டி வைத்த நாளோ, பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் தவக்காலத்தின் இரண்டாம் சனிக்கிழமை. நடக்க வைத்த நேர்ச்சையே அவள் ஓடுவதைப் பார்க்க விடாமல் குறுக்கே நின்றது.

"ஓட்டப்பந்தயம் வேடிக்கை இல்லம்மா. நாங்க என்ன வேஷமா கட்டுறோம்? யாரு ஜெயிப்பான்னு ஓடுற எங்களுக்கே தெரியாது," என்றாள் டொறீன்.

சவரியம்மாவுக்கும் கொள்ளை ஆசைதான். ஆனால் ஆசைக்கு ஏற்றபடி நேர்ச்சையை வளைக்கலாமா? கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஒஸ்வல்டிடம் போய்க் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பதில் 'இல்லை'தான் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

"சனம் கூடுது, பேண்ட் வாசிக்கிறாங்க, கை தட்டுறாங்க. வேடிக்கை இல்லாம வேற என்ன?"

"பெரிய வெள்ளிக்கு, சாமிய சிலுவையில அறையிற கூத்துல நீங்க பிலாத்து வேஷம் கட்டுறீங்களே, அதுக்கும்தான சனம் கூடுது?"

"அது பக்தி," என்றார் ஒஸ்வல்ட். சிலுவைத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவிய பிலாத்து மாதிரியே அவரும் கையைக் கழுவிவிட்டார்.

பெற்ற மனசு கேட்கவில்லை. 'போவேன், பார்க்க மாட்டேன்' என்று ஒரு வழி கண்டுபிடித்து, சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள். மைதானமே ஒரு பக்கம் பார்த்திருக்க, சவரியம்மா மட்டும் அதற்கு முதுகைக் காட்டி, மதிலைப் பார்த்து உட்கார்ந்து செபமாலை உருட்டினாள்.

பக்கத்தில் கூடையோடு கடலை விற்றுக்கொண்டிருந்த ஸைனம்பு ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன இது? எல்லாரும் அங்கால பார்க்க, நீங்க மதிலப் பார்த்துக்கொண்டு இரிக்கிறீங்க?"

சவரியம்மா விஷயத்தைச் சொன்னாள். ஸைனம்பு சிரிக்கவில்லை. நேர்ச்சை என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

"கண்ணுக்குத்தானே நேர்ச்சை, காதுக்கு இல்லையே? நான் பார்த்துச் சொல்றேன். ஒங்கட புள்ள எது?"

"செவப்பு ரிப்பன்."

விசில் ஊதினார்கள். "ஓடுறாங்க! செவப்பு ரிப்பன் நாலாவது... முந்துறா... இப்ப மூணாவது..." அதோடு ஸைனம்புவின் வாய் நின்றுவிட்டது. மைதானம் ஓவென்று கத்தியது.

"சொல்லுங்க ராத்தா! விழுந்துட்டாளா?"

நிமிர்ந்து பார்த்தால், ஸைனம்பு எழுந்து நின்று வாயில் கை வைத்திருந்தாள். கூடை கவிழ்ந்து கடலையெல்லாம் புல்லில் கிடந்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. சவரியம்மா மைதானத்துப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சனத்தையும் அவள் பார்க்கவில்லை, பேண்டையும் பார்க்கவில்லை. இரண்டு கால்களைத்தான் பார்த்தாள். வலது கால் இடது காலைவிட ஒரு பிடி மெலிவு. ராவும் பகலும் எண்ணெய் போட்டு நீவிய கைக்கு அது தெரியாதா? அந்தக் கால் தரையை மிதித்தது, உந்தியது, மறுபடி மிதித்தது. இழுக்கவில்லை, மடங்கவில்லை. "அது எம்புள்ள காலு!" என்று சவரியம்மா போட்ட சத்தத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அவள் நெஞ்சு பெருமையில் வெடித்துவிடும்போல இருந்தது.

"எத்தனாவதா வந்தா?" என்று ஸைனம்புவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ரெண்டாவது. ஒரு முழத்துல மொதலாவது போயிட்டே!" ஸைனம்புவுக்கு அழுகையே வந்துவிட்டது. சவரியம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இரண்டு பேருமாகக் குனிந்து கடலை பொறுக்கினார்கள்.

பின்னேரப் பஸ்ஸில் உபதேசியாரும் இருந்தார். மெழுகுதிரி வாங்க டவுனுக்கு வந்தவருக்குச் செய்தி எட்டியிருந்தது.

"பார்த்துட்டியாமே சவரியம்மா? நேர்ச்சை என்ன ஆச்சு?"

பஸ் முழுக்கக் காது கொடுத்தது. டொறீன் தலையைக் குனிந்துகொண்டாள். சவரியம்மா குனியவில்லை.

"கொழுந்து ஒழுங்கா எடுத்திருக்கான்னு கங்காணி மலையச் சுத்திப் பார்க்கிறாரே, அது வேடிக்கையா? அந்தோனியாரு குடுத்த காலு ஒழுங்கா வேலை செய்யுதான்னு நானும் போய்ப் பார்த்தேன்."

ஒஸ்வல்ட் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார்.

"செய்யுதா?" என்றார் மெதுவாக.

"அடுத்த வருஷம் நீங்களே வந்து பாருங்க," என்றாள் சவரியம்மா.