பொதுத் துடிப்பு

மதுரை பைபாஸ் சாலையில் இருக்கிற அந்த அடுக்ககத்தில் குடியிருந்த அத்தனை பேருடைய இதயத்துடிப்பும் பொதுவில்தான் இருந்தது. மணிக்கட்டில் கட்டிய பட்டை துடிப்பை எங்கோ தொலைவில் இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிடும். அவரவர் தேவைக்கு அங்கிருந்து திரும்பி வரும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிற மாதிரிதான். வீட்டில் விசேஷம் என்றால் சங்கச் செயலாளர் கதிரவேலிடம் முன்கூட்டியே சொல்லிக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

இந்திராணிக்குக் கொஞ்ச நாளாக மத்தியானத்தில் துடிப்பு சரியாக வரவில்லை. மழலையர் பள்ளி வேலை முடிந்து மூன்றாம் மாடிக்குப் படியேறுகையில் பாதியில் நின்றுவிடும். அங்கே லிஃப்டும் கிடையாது. அப்படியே படியில் உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்து, அடுத்த துடிப்புக்காகக் காத்திருப்பாள். ஒருநாள் வராமலே போய்விட்டால்? பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகம். யாரோ மோட்டார் வைத்து இழுக்கிறார்கள்.

நாலாம் மாடி ஆல்பர்ட் தண்டால் எடுக்கிற ஆள். அவன் கதவில் காதை வைத்துக் கேட்டாள், குறட்டைதான் கேட்டது. முதல் மாடி டீச்சர் சீரியல் பார்த்துப் பதறுகிறவர். அந்த நேரத்தில் அங்கே டிவியே ஓடவில்லை. கடைசியில் கதிரவேலிடம் போய் நின்றாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க வீட்டுக்குத்தான்மா போகுது. சார் பேர்ல."

அவள் கணவர் சேதுராமனுக்கு மில்லில் இரவு ஷிஃப்ட். மத்தியானம் கூடத்து நாற்காலியில் தூங்குவார். தூங்குகிற மனுஷனுக்கு எதற்கு இவ்வளவு துடிப்பு என்று கேட்டாள். கனவில் படியேறுவதாகவும், கையில் பாரம் இருப்பதாகவும் அவர் தயங்காமல் சொன்னார்.

"யாரத் தூக்கிக்கிட்டு?"

"ஒன்னத்தான். படியில உக்காந்துட்டயே, பாவமா இருந்துச்சு."

அவர் இழுப்பதால் அவள் உட்காருகிறாள். அவள் உட்காருவதால் அவர் இழுக்கிறார். இந்திராணி அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் இடித்தது.

"மொத நாளு நான் உக்காரவே இல்லையே. அன்னைக்கு யாரத் தூக்குனீக?"

சேதுராமன் யோசித்தார். "கேஸ் சிலிண்டர்," என்றார்.

சிலிண்டருக்காக ஒருத்தர் நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும்? அவள் நம்பவில்லை. மனசு ஆறவில்லை. அன்றைக்கு அவரோடு முகம்கொடுத்துப் பேசவும் இல்லை.

மறுநாளும் படியில் துடிப்பு நின்றது. தூக்க வருவது யார் என்று பார்த்துவிடலாமென உட்கார்ந்தாள். சற்றைக்கெல்லாம் முதுகுக்கடியில் ஒரு கை வந்தது, முழங்காலுக்கடியில் ஒரு கை. கால்கள் படியைவிட்டு எழும்பின. எதிரே இறங்கி வந்த ஆல்பர்ட் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டான். இந்திராணி அந்தத் தோளை மோந்து பார்த்தாள். மில் பஞ்சு வாசனைதான். வேறு எந்த வாசனையும் இல்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்து நாற்காலியில் சேதுராமன் வேர்த்து வழியத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மெல்லப் போங்க, அவுக தூங்குறாக," என்றாள் இந்திராணி, தன்னைத் தூக்கிவந்தவரிடம்.