அமுதவல்லி சொன்ன பதில்

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக்கடை வைத்திருந்த அமுதவல்லியின் பேச்சுக்காகவே சாப்பிட வருகிறவர்கள் உண்டு. டிரைவர், கண்டக்டர் யாரையும் கேலி பண்ணாமல் அனுப்பமாட்டாள். ஒரு காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலக்கை விளங்கவில்லை, வலக்காலும் இழுத்துக்கொண்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "சரி."

பசிக்கிறதா என்றாலும் சரி, தூங்கினாயா என்றாலும் சரி. மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் நலம் கேட்டபோதும் அதே பதில்தான். அவரும் நம்பிவிட்டார். கணவர் அய்யப்பன் கடையை மூடிவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டார். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கைகால் பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒனக்கு நல்லாகணும்னு ஆசையே இல்லையா?" என்று அவர் ஒருநாள் கத்தியும்விட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் அன்புமொழி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். பிரஷர் பார்த்த பிறகும் கிளம்பாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒங்க ஊரு சென்னையா?"

"சரி" என்றாள் அமுதவல்லி. ஆனால் இல்லையென்று தலையை ஆட்டினாள். கண்ணில் எரிச்சல்.

"வாய் சொல்றது வேற, நீங்க நினைக்கிறது வேற. புரியுதுக்கா. ஆமான்னா எங்கையை அழுத்துங்க. இல்லைன்னா சும்மா விட்ருங்க."

அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். எதிலும் பிடிப்பே இல்லையா? அழுத்தினாள். எல்லோருக்கும் பாரமாகிவிட்டதாகத் தோன்றுகிறதா? அழுத்தினாள். வாழவே வேண்டாமென்று நினைத்ததுண்டா?

அந்தக் கேள்விக்கு அவள் அழுத்திய பிடி வெகுநேரம் தளரவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அய்யப்பன் உள்ளே வந்தார்.

"நான் வேற திட்டிட்டேனே சிஸ்டர்."

"இது சோம்பலும் இல்ல, வீம்பும் இல்லங்க. பக்கவாதம் வந்த நெறைய பேருக்கு மனசு இப்படிச் சோர்ந்துபோகுது. மூளைக்கு வந்த பாதிப்பும் ஒரு காரணம். வைத்தியம் இருக்கு. இன்னைக்கே மனநல டாக்டரைப் பாத்துருவோம். அதுவரைக்கும் அக்காவைத் தனியா விடாதீங்க."

அன்றே மூவரும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஊர் சுகாதார நிலையத்திலேயே பேச்சுப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். சில வாரங்கள் எதுவும் மாறவில்லை. பிறகு ஒரு காலையில் அமுதவல்லி தானாகவே தட்டை இழுத்துச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் முகம் சிவக்க இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். தப்பாக வந்தால் கரண்டியைத் தூக்கி எறிவாள். எறிந்ததைத் தானே போய் எடுத்து வந்து மறுபடி சொல்லிப்பார்ப்பாள். கடையை மறுபடி திறந்தபோது இடக்கையால் சட்னி ஊற்றினாள். பாதி மேஜையில் சிந்தியது. அவள் கவலைப்படவில்லை.

சுகாதார நிலையத்தில் பயிற்சி நடந்த ஒரு நாள், பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த ரெங்கராஜ் என்ற லாரி டிரைவரை அவர் மனைவி கூட்டிவந்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"எது கேட்டாலும் நல்லாருக்கேங்கிறாருங்க" என்றாள் மனைவி.

அன்புமொழி வேறு ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அமுதவல்லி எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து அவளிடம் போனாள்.

"கேளு" என்றாள். மூச்சு வாங்கியது. "இவரு... மனசு. கேளு."

ஊசியை முடித்துவிட்டு அன்புமொழி நாற்காலியை ரெங்கராஜுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.