சர்க்கரை மட்டும்தான்

தாஹாவால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்காருவான், உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் எழுந்துவிடுவான். வாசல் வரை போவான், திரும்புவான், மறுபடி போவான். நிற்கும்போதும் சுடுமணலில் நிற்பவனைப்போலக் கால் மாற்றிக்கொண்டே இருந்தான். முந்தாநாள் இரவு பள்ளிவாசலில் ரமலான் தராவீஹ் தொழுகையின்போது வரிசையை விட்டு விலகி வெளியே போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இன்று மதியம் மில்லிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்யும் சின்னராசுதான் வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

"அண்ணி, ரெண்டு நாளு ஊட்லயே வெச்சிக்கோங்க. கம்பி செவசெவன்னு ஓடியாரச்சொல்ல இவரு இடுக்கிய வெச்சிக்கினு டான்ஸ் ஆடறாரு. சூப்பரவைசர் ஒரே பேஜாரு."

"யாருடா டான்ஸ் ஆடுனது? உன் கண்ணு ஆடுது" என்றான் தாஹா. சொல்லிக்கொண்டே தெருமுனை வரை போய்த் திரும்பினான்.

அவன் மனைவி நஜ்மா சிரிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்த ரோலிங் மில்லில் பழுத்த கம்பி பாம்பாய்ப் பாய்ந்து வரும். அதை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிறவனின் கால் அரை அடி தவறினால் அது எங்கே போய்ப் பாயும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் மனம் பிசகியது கல்யாணமான இரண்டாம் வருஷம். சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்றான். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். குழாய்த் தண்ணீரைக்கூடப் பூனைக்கு ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான். சென்னையில் காட்டினார்கள், ஸ்கிசோப்ரினியா என்றார்கள். மாத்திரையில் ஆள் தெளிந்தான். தெளிந்ததும், எனக்கு ஒன்றுமில்லை என்று மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினான். அதன்பிறகு ஒரு நாள் அவன் மறுபடி தட்டை முகர்ந்தபோதுதான் நஜ்மா அந்தக் காரியத்தைத் தொடங்கினாள். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, கரண்டியால் நசுக்கி, அவன் டீயில் கலந்துவிடுவாள். ஒன்றரை வருஷமாக அவன் நன்றாக இருந்தான். தானாகவே குணமாகிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த ரமலானில்தான் கணக்கு குழம்பியது. காலை டீ இல்லாமல் போனது. நோன்பு திறப்பதும் பள்ளிவாசலில்தான். முதல் சில நாட்கள் மருந்து கொடுக்க வழியே கிடைக்கவில்லை. பிறகு விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்து டீயில் கலக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வந்ததுதான் இந்தக் கால் தவிப்பு. நோய் திரும்புகிறது என்று பயந்து, நான்கு நாளாக ஒன்றுக்கு இரண்டாக நசுக்கிப் போடுகிறாள். கால் அடங்குவதாயில்லை, நடை கூடிக்கொண்டுதான் போகிறது.

மூன்றாக்கலாமா என்ற யோசனையோடு பஜாருக்குப் போனாள். மெடிக்கல் ஷாப் மணவாளன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, அதுக்குள்ள தீந்துபோச்சா? அண்ணன் இப்பத்தான வந்து வாங்கினு போனாரு?"

"எந்த அண்ணன்?"

"உங்க ஊட்டுக்காரருதான். பொன்னேரி டாக்டரு சீட்டு கொண்டாந்தாரு. இதே மாத்திரதான், கம்பெனி மட்டும் வேற."

நஜ்மா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மாத்திரை வாங்காமலே திரும்பி நடந்தாள். சிமெண்டு லாரிகள் அவளை உரசிக்கொண்டு போயின. அவனும் போட்டுக்கொண்டிருக்கிறான், அவளுக்குத் தெரியாமல். அவளும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அவனுக்குத் தெரியாமல். அப்படியென்றால் அந்தக் கால்கள் நடப்பது மருந்து கூடிப்போனதாலா?

டீயில் கலப்பதை இன்றோடு விட்டுவிட்டால் போதும். அவனுக்குத் தெரியவே வேண்டாம். ரயில்வே கேட் வரை அவள் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். தெரிந்தால் அவன் வாழ்நாள் முழுக்க அவள் கையால் ஒரு வாய் சாப்பிடமாட்டான்.

வீட்டுக் கொல்லையில் துணிக்கொடிக்குக் கீழே தாஹா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"உங்கிட்ட மறைச்சிட்டேன் நஜ்மா. நோன்பு ஆரம்பிச்ச வாரம், மில்லு சத்தத்துக்குள்ள பழைய குரல் கேட்டுது. நீ பயந்துக்குவன்னு சொல்லல. பொன்னேரில டாக்டரைப் பார்த்தேன். ராவுக்கு ராவு போட்டுக்கினுதான் வரேன். போட்டும் இப்டி ஆயிருச்சுன்னா இன்னாத்துக்குப் போடணும்? இன்னியோட நிறுத்திரப்போறேன்."

அவன் கை சாக்கடைப் பக்கம் போனது.

"தூக்கிப் போடாதீங்க" என்றாள் நஜ்மா. "அது நோவு இல்ல. நான்தான்."

"இன்னாது?"

"உங்க டீயில நான் மாத்திர கலந்துக்கினு இருந்தேன். ஒன்றர வருசமா. இப்ப நாலு நாளா ரெண்டு. நீங்க போடறது எனக்குத் தெரியாதுங்க."

அவன் நிற்பான் என்று நினைத்தாள். நிற்கவில்லை. கோடி வரை போய்த் திரும்பி வந்தான். மறுபடி போனான். அவன் முகம் மட்டும் அப்படியே இறுகி இருந்தது.

"அப்போ நான் சொன்னது நிஜந்தான்" என்றான் கடைசியில். "யாரோ கலக்குறாங்கன்னு சொன்னேன். எல்லாரும் பைத்தியம்னாங்க. நீயுந்தான் சொன்ன."

மாலை மஃரிப் பாங்கு கேட்டதும் அவன் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தான். விடியலுக்கு முன் சஹருக்கு அவள் வைத்த எதையும் தொடவில்லை.

காலையில் பொன்னேரிக்கு மின்சார ரயிலில் போனார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள், அவன் பொன்னேரி வரும்வரை இரண்டு கதவுகளுக்கும் நடுவே நடந்தான். நஜ்மா டீ விஷயத்தைச் சொல்லி முடித்ததும் டாக்டர் விக்டோரியா அவனுடைய முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஜுரம் உண்டா, உடம்பு விறைத்துக்கொள்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லவேளை. ஜுரமும் விறைப்பும் சேந்து வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான். இது மருந்து கூடிப்போனதால வந்த தவிப்பு. பாக்கிறவங்களுக்கு நோய் மாதிரி தெரியும். அதனால இன்னும் ஏத்துவாங்க, அது இன்னும் நடக்கவைக்கும். நீங்க மருந்தே எடுக்கலன்னு சொன்னீங்க, நானும் அதை வெச்சு எழுதிட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்" என்றான் தாஹா, சுவரோரம் நடந்தபடி.

"நிறுத்திரலாமா டாக்டர்?" என்றாள் நஜ்மா.

"கூடாதும்மா. நிறுத்தினா குரல் திரும்பும். அளவைக் குறைச்சுத் தரேன், தவிப்புக்கும் ஒண்ணு தரேன். அடுத்த வாரம் வாங்க. கால் அடங்குறவரைக்கும் மில்லு வேணாம். அனல்ல வேலை, தண்ணி குடிக்காத நோன்பு, இந்த மருந்து, மூணும் ஒத்துவராது. இந்த வருஷம் நோன்பை விட்டுருங்க." பிறகு இருவரையும் பார்த்தார். "இனிமே மாத்திரை யார்கிட்ட இருக்கும்?"

"எங்கிட்ட" என்றான் அவன் உடனே.

"போடும்போது அவங்க பக்கத்துல இருக்கட்டும். கலக்கக் கூடாது, பாக்கலாம். சரியா?"

தாஹா சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் நஜ்மா பட்டை கிராம்பு டப்பாவைத் திறந்து, அடியில் மீந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இதுலயா வெச்சிருந்த? அதான் டீயில பிரியாணி வாசன வந்துது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் சமாதானம் சொல்லவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தான்.

மாலை பாங்கு சொன்னதும் அவள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்தாள். அவன் அடுப்படிக்குள் போனான். ஸ்டவ் பற்றும் சத்தம் கேட்டது. டம்ளர்களை அவனே கழுவினான். ஒருமுறை கழுவியதை மறுமுறையும் கழுவினான். டீ கொதித்துப் பொங்குவதற்குள் அவன் மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டதால் பாதி வழிந்து அடுப்பு அணைந்துபோனது. மீந்ததை இரண்டு டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு வந்தான். நடையின் ஆட்டத்தில் வழியெல்லாம் சிந்தியது.

ஒன்றை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், டம்ளருக்குள் பார்த்தாள்.

"குடி" என்றான் தாஹா. "சக்கர மட்டுந்தான்."

அவள் குடிக்கும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பையிலிருந்து டாக்டர் குறைத்துக் கொடுத்த இன்றைய மாத்திரைகளை எடுத்து, அவளுக்குத் தெரியும்படி உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, வாயில் போட்டுத் தன் டீயைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். முழங்கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.