அரைக் கிலோக்காரியின் அடிகள்

ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட தையல்காரியின் மகள், பிறந்த அன்று காலையிலேயே டாக்டரின் முன்பற்கள் இரண்டை உடைத்தாள். அவளுடைய எடை அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. இமைகள் இன்னும் பிரியவில்லை. தோலுக்கு அடியில் நரம்புகள் அப்படியே தெரிந்தன. மூச்சுக் குழாய் வைக்கக் குனிந்த டாக்டரின் வாயில், குழந்தை கையை அசைக்காமலேயே, வளர்ந்த ஆணின் பலத்தோடு ஒரு குத்து விழுந்தது. டாக்டர் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் குழாயை வைத்து முடித்தார். குறைமாதத்தில் பலவிதம் உண்டு என்றார்.

அடுத்து, ஊசி போட வந்த நர்சுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த தாய் சத்தத்தை வைத்தே அது எது என்று சொல்லிவிட்டாள். "அது சட்டைக்கு இஸ்திரி போடாததுக்கு வாங்கினது சிஸ்டர். உங்களுக்கு வந்திருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க." கடைசல் பட்டறை வைத்திருந்த அவள் புருஷன் அத்தனை மாதமும் அவளுக்குக் கொடுத்ததையெல்லாம் வயிற்றில் இருந்தவள் வாங்கி வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. கடைசியாக அவன் கொடுத்தது அடிவயிற்றில் ஓர் உதை. அதில்தான் பனிக்குடம் உடைந்து குழந்தை வெளியே வந்தது.

வார்டு இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. அங்கே ஏற்கெனவே சட்டம் கறார்தான். முழங்கை வரை கழுவாமல் உள்ளே வரக் கூடாது. சும்மா தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டாலே இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு இறங்கிவிடும். ஊசி, துணி, பால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் முடித்துவிட வேண்டும். பெரிய சிஸ்டர் கூடுதலாக ஹெல்மெட் மட்டும் வாங்கி மாட்டினார். கை கழுவாமல் நுழைந்த மருத்துவமனை மேலாளருக்கு யாரும் ஹெல்மெட் நீட்டவில்லை. அவர் ஒரு விலா எலும்பை முறித்துக்கொண்டு வெளியே வந்தார்.

தாயை மட்டும் குழந்தை அடிக்கவில்லை. அவள் வெறும் மார்பில் போட்டுக்கொண்டால் மூச்சு சீராகிவிடும், குழாய் வழியாக இறங்கும் சொட்டுப் பால் செரிக்கும். இரண்டாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிரசவப் புண்ணில் சீழ் வைத்திருந்தது. கிருமி ஒட்டினால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் அவளைத் தள்ளிப் படுக்கவைத்தார். அன்று சாயங்காலமே, வாங்க ஆளில்லாத ஒரு குத்தில் குழந்தை கிடந்த கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. மற்ற பெட்டிகளிலெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள். குழந்தையின் கால் சில்லிட ஆரம்பித்தது. உடனே ஒரு மார்புச் சூடு வேண்டும். பெரிய சிஸ்டர் தையல்காரியின் புருஷனைக் கூப்பிட்டார்.

"அரைக் கிலோவுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று கேட்டபடியே அவன் சட்டையைக் கழற்றினான். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. அலறிக்கொண்டு எழுந்தான்.

"எந்திரிக்காதீங்க சார். கீழ வெச்சா உங்க பொண்ணு பிழைக்க மாட்டா. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார் பெரிய சிஸ்டர்.

உட்கார்ந்தான். காது கிழிந்தது. தோள்பட்டை எலும்பு சுள்ளி மாதிரி முறிந்தது. ரத்தம் குழந்தையின் மேல் சொட்டாமல் நர்சுகள் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, காய்ச்சலோடு, ஒவ்வொன்றுக்கும் குரல் வந்தது. "இது அம்மா வீட்டுக்குப் போனதுக்கு." "இது ஃபோன எடுக்காததுக்கு." "இது சிரிச்சதுக்கு."

"சிரிச்சதுக்கா?" என்றான் அவன், கிழிந்த உதட்டோடு.

"ஆமா. மாடி வீட்டுக்காரர் ஏதோ சொன்னாரு, சிரிச்சேன்."

அவனுக்கு ஞாபகமே இல்லை. விம்மி விம்மி அழுதான். ஆனால் கை விலகவில்லை. தாய்க்குக் காய்ச்சல் விடும்வரை தினமும் வந்து, அடி வாங்கி, சூடு கொடுத்தான். அது உண்மை, எழுதித்தான் ஆக வேண்டும். அதற்காக அவள் மனம் இரங்கினாள் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

மகள் இரண்டு கிலோ ஆனாள். ஒரு கண்ணில் பார்வை தங்கியது, இன்னொன்றில் பாதி போயிற்று. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வாசலில் கட்டுகளோடு நின்ற அவன், "வா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

"நான் என் தையல் கடைக்குப் போறேன். இனி அங்கதான் இருக்கப் போறோம்" என்றாள் அவள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். யோசித்துச் செய்ததல்ல, கை பழகியிருந்தது. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையிடமிருந்து அந்த உதை புறப்பட்டது. அவன் சாலையைத் தாண்டிப் பறந்து எதிர்ப்பக்க மருந்துக் கடையின் ஷட்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தான். இடுப்பு எலும்பு மூன்று துண்டானது. தாய் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

அவன் இப்போது உட்கார்ந்தபடியே கடைசல் வேலை செய்கிறான். மகள் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதன் பிறகு அவள் யாரையும் அடித்ததில்லை. கொடுக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. புதிதாக யாரும் போட்டு வைக்கவும் இல்லை.