மஞ்சள் ஒயரில் சுண்ணாம்பு

...இன்றைக்கும் சிவப்பு. நேற்றும் இதே நேரம், முந்தாநாளும் இதே நேரம், மத்தியானச் சோறு ஆகி, சாமான் கழுவிக் கவிழ்த்து, தம்பி கதிர் போன் பண்ணுகிற நேரமாகப் பார்த்து இந்த ரூட்டருக்கு மட்டும் எங்கிருந்து நோவு வருகிறது என்று வசந்தாமணி டிவி மேசைக்கு முன்னால் மாவுக் கையோடு நின்றாள், அடுப்படியில் கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேபிள்காரர் மணியன் நேற்று வந்து பார்த்துவிட்டு, லைன் கண்ணாடியாட்டம் இருக்குதுங்க்கா என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார், அவர் வந்தபோது பச்சையாகத்தான் எரிந்தது, ஆளைக் கண்டால் நல்ல பிள்ளையாகிவிடுகிறது சனியன்... இதோ, எண்ணி முடிக்கவில்லை, போன். புருஷன் கந்தப்பன்தான். சத்தீஸ்கரில் எங்கேயோ ஒரு காட்டில் போர் போடுகிற ரிக் வண்டி பூமியைக் குடைகிற இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மட்டும் பக்கத்து அறையில் இருப்பது போலத் தெளிவாக வந்தது. "ஏம்புள்ள, கேமரா வரல. என்ன பண்ணுன?" என்ன ஆச்சு என்று கேட்கலாம் அல்லவா, என்ன பண்ணுன... "தெரியலீங், தானாப் போவுதுங்." "மூணு நாளா அதெப்பிடித் தானாப் போவும்? ஆஃப் பண்ணி, பத்து எண்ணிட்டு ஆன் பண்ணு. மறுக்கா கூப்பிடறேன்."

பண்ணினாள். பத்துக்குப் பதில் இருபது எண்ணினாள். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன, கடைசியில் அதே சிவப்பு... இந்த ஆளுக்கு அங்கே வேலையே இல்லையா, வீட்டு ஹாலில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதற்கா அத்தனை தூரம் போனது? தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்று வாசலுக்கு ஒன்று, டிவிக்கு மேலே ஒன்று, இரண்டு கேமரா மாட்டினார். சரி, வெளியூரில் கிடக்கிற மனுஷன், பயம் இருக்கும் என்று இவளும் பேசாமல் இருந்தாள். ஆனால் போன வாரம் கேட்டாரே ஒரு கேள்வி, "கதிரு கண்ணாலப் பத்திரிகை வெக்க வாரானாமா?" என்று, அவருக்கு யார் சொன்னது? இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, இவளும் கதிரும் ஒளித்துப் பேசிக்கொள்வதோடு சரி. மோகனூரில் கதிரின் காட்டில் இவர் வண்டிதான் போர் போட்டது, ஆயிரம் அடி போயும் புழுதிதான் பறந்தது, கதிர் சும்மா இருக்காமல் நாலு பேர் முன்னால், காவிரிக் கரையிலயே தண்ணி வராத கை மாமாவோடதுதான் என்று சிரித்துவிட்டான். தொழில்காரன் கையைச் சொன்னால் தாங்குவானா? அன்றைக்கு அறுந்தது. "போறதுன்னா அப்பிடியே போயிரு, திரும்பி வர வேண்டாம்" என்று போன வாரம் சொல்லியும்விட்டார். கதிரோ, "அக்கா, நீ வந்து நின்னாத்தான இணைச்சீரு, வேற யாரக் கூட்டியாந்து நிறுத்தட்டும்?" என்று அழுகிற குரலில் கேட்கிறான்... கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்க, தம்பி கல்யாணத்தில் இன்னொருத்தி நின்று சீர் செய்வதா? வாரேன் சாமி, யாரு தடுத்தாலும் வாரேன் என்று முந்தாநாள்தான் வாக்குக் கொடுத்தாள். அதுவும் எப்போதும்போலக் கேமரா இல்லாத அடுப்படியில், கிரைண்டரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாயை ஒளித்துக்கொண்டு.

அப்படியிருந்தும் போன வாரப் பேச்சு சத்தீஸ்கர் வரைக்கும் போயிருக்கிறது என்றால் இந்த வீட்டில் வேறு காது எது? அத்தைதான். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துவைக்கிற கல்லின் மேல் வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருக்கும் மாமியார் சின்னாயி, ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்கிற சின்னாயி. தீபாவளிக்கு மகன் கந்தப்பன் வந்திருந்தபோது அவர் காதும் அத்தை வாயுமாகக் குசுகுசு என்று என்ன பேச்சு! அடுப்படியில் வைஃபை சிக்னல் இல்லை என்று அவர் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரிக்கு மேலே பூஸ்டரை மாட்டினபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதும் அத்தைதான், மருமகளை ஒரு கை பிடி என்று கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டாயிற்று, தட்டைத் தூக்கிக்கொண்டு பொடக்காளிக்குப் போய்விடுகிறாள், ஏனுங்கத்தை என்றால், "காத்தாட இருக்குது" என்கிறாள். காத்தாவது ஒன்றாவது, மருமகள் ஆக்கியதை அவள் முன்னால் உட்கார்ந்து தின்ன மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்...

ரூட்டரைத் திருப்பினாள். பின்னால் மஞ்சள் ஒயர், அதன் பச்சைத் தலை துளையில் சரியாக உட்காராமல் நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது. மணியன் இதை அழுத்தித்தானே விட்டுப் போனார்? எலி இழுத்ததா, பூனை இழுத்ததா... பூனை சுண்ணாம்பு போடுமா? பச்சைத் தலையின் மேல் ஒரு வெள்ளைத் தீற்றல், ஆட்காட்டி விரல் அகலத்துக்கு. தொட்டு முகர்ந்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பு. அட, கைகாரக் கிழவி! கேமராவுக்குத் தன் காலடி தெரியாது, அதற்கு நேர் கீழே கையை விட்டு ஒயரை உருவி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் செருகி... எதற்கு? மகன் என்னைச் சந்தேகப்படட்டும் என்றா? மருமகள்தான் அணைக்கிறாள், எவனோடோ பேசுகிறாள் என்று ஆகட்டும் என்றா? ஒரு பக்கம் கோள், இன்னொரு பக்கம் இந்த வேலை... பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரை அழுத்தினாள், டக். சிவப்பு செத்தது, பச்சை பிறந்தது, அதே மூச்சில் போனும் அடித்தது.

"ஆ, வந்துருச்சு, வந்துருச்சு. என்ன பண்ணுன?" அத்தையைச் சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார், "அப்பிடியே அடுப்படிக்குப் போயி அந்த பூஸ்டரயும் ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, அது இன்னும் வரல." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு போனாள். போகிற வழியில் கிரைண்டரில் வழியப் பார்த்த மாவை ஒரு கை தள்ளிவிட்டு, மூக்கு அரித்தது, புறங்கையால் தேய்த்துக்கொண்டு, எக்கி சுவிட்சை அணைத்தாள், போட்டாள். வெள்ளைப் பெட்டியில் பொட்டு விளக்கு மினுக் மினுக்கென்று துடித்து நின்றது. "ம்... வந்துருச்சு," என்றார் கந்தப்பன், பிறகு லேசாகச் சிரித்தார். "ஏம்புள்ள, மூக்குல என்ன, மாவா?"

கை மூக்குக்குப் போனது. பாதியில் நின்றது. ஹாலில் நின்றபோது மூக்கில் மாவு இல்லை. இங்கே, இப்போது, இந்தப் பெட்டிக்கு முன்னால் தேய்த்தது... பார்க்காதே, நிமிர்ந்து அதைப் பார்க்காதே, தெரிந்துகொண்டாய் என்று தெரிந்துவிடும்... தீபாவளியிலிருந்து இங்கே நின்று சமைத்தது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது, யாருமில்லை என்று அழுதது, கதிரோடு பேசியது, எல்லாமா இந்தப் பெட்டிக்குள் இருக்கிற கண்ணுக்குப் போனது? அப்படியென்றால் இணைச்சீருக்கு வருகிறேன் என்று சொன்னதும் கேட்டிருக்குமே, அதை ஏன் இன்னும் அவர் கேட்கவில்லை? போன வாரம் பேசியது தெரிகிறது, முந்தாநாள் பேசியது தெரியவில்லை. முந்தாநாள் இந்த நேரம்... சிவப்பு. நேற்று இந்த நேரம்... சிவப்பு. இரண்டு பேச்சையும் கேட்கிற தூரத்தில் இருந்தவள் பொடக்காளியில் இருந்த அத்தை ஒருத்திதான். கோள் சொல்கிறவளாக இருந்தால் முதலில் எதைச் சொல்லியிருப்பாள்?

நிலைப்படியில் நிழல் விழுந்தது. சின்னாயி. மருமகளைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை, காலி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி வேணும் அம்மிணி" என்றாள், ஆனால் தண்ணீர் மோளாமல் ஹால் பக்கம் நடந்தாள். டக். காதைத் தீட்டி வைத்திருந்ததால்தான் கேட்டது. "அலோ? மறுபடியும் போச்சு பாரு, அலோ, இப்ப என்ன பண்ணுன?" "தெரியலீங்," என்றாள் வசந்தாமணி, "தானாப் போவுதுங்." அதே வார்த்தைதான், நாக்கு பிசிறக்கூட இல்லை. அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியாமலே போன் கட்டானது, அடுத்த நொடி கதிர் பெயர் மின்னியது.

அடுப்படியிலேயே எடுக்கலாம், இப்போது அது குருடு. ஆனாலும் கால் பொடக்காளிக்குத்தான் போனது. அதற்குள் அத்தை கல்லின் மேல் வந்து உட்கார்ந்திருந்தாள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள், நிமிராமலே கொஞ்சம் நகர்ந்தாள், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. உள்ளங்கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. காத்தாட இருக்குது என்றாளே... இங்கே வந்து சாப்பிடு என்று அதற்கு அர்த்தமா? அர்த்தமாகவே இருக்கட்டும், ஸ்டூலைப் பிடித்ததும் இந்தக் கைதானே, அன்றைக்கே தெரிந்துதானே பிடித்தது, தெரிந்தும் தீபாவளியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே... வசந்தாமணி அந்த இடத்தைப் பார்த்தாள், சுண்ணாம்பு காய்ந்த அந்த விரலைப் பார்த்தாள், உட்காராமல் நின்றபடியே போனைக் காதில் வைத்தாள். "சொல்லு சாமி."