பதினான்காவது வளைவு

எங்கள் கட்டில் மெத்தையை வளைவில் இருந்த மின்கம்பத்தில் கட்டிவிட்டு, தாங்குமா என்று பார்க்க நானே ஓடிவந்து அதில் மோதினேன். தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் மனைவி ரூபியெலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அறிவு இருக்கா உங்களுக்கு? சைக்கிள் பந்தயத்துக்கு எல்லாரும் வைக்கோல் கட்டு குடுக்கறாங்க. நீங்க படுக்கறதையே கொண்டாந்து கட்டறீங்க.”

“வைக்கோல் பதிமூணு வளைவோட தீர்ந்துபோச்சு. இது பதினாலு. வெறும் இரும்பா விடச் சொல்றீங்களா?”

எங்கள் ஊர்ப்பக்கம், இந்தப் போயாக்கா மலையில், புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாலும் ‘நீங்க’தான்.

“மழை வந்தா ஊறிடும். அப்புறம் ஒரு வாரம் தரையிலதான் படுக்கணும்.”

“கடைசியா பச்சைக் கொடி கட்டின கார் ஒண்ணு வரும். அது போயிட்டா ரோடு திறந்தாச்சுன்னு அர்த்தம். உடனே நானே சுமந்துட்டு வந்து போடறேன், போதுமா?”

இப்படிச் சொன்னவன் நான்தான்.

பந்தயத்தில் என்னைப் போல் பாதை காப்பவன் வளைவிலேயே நிற்கக் கூடாது. அறுபது அடி மேலே நின்று விசிலும் மஞ்சள் கொடியுமாக எச்சரிக்க வேண்டும். அங்கிருந்து கம்பம் தெரியாது. காலையில் இளையோர் பந்தயம் நல்லபடியாக இறங்கிப் போனது. பின்னாலேயே பச்சைக் கொடி கார். பெரியவர்கள் பந்தயம் வருவதற்குள் காத்திருந்த வண்டிகளை அனுப்ப அரை மணி நேரம் கொடுத்தார்கள். பால் லாரியும் உருளைக்கிழங்கு லாரியும் நேருக்கு நேர் நின்று, நீ பின்னால் போ, நான் போகமாட்டேன் என்று என் உயிரை வாங்கின. அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. ரோட்டை அடைக்கச் சொல்லி ரேடியோவில் உத்தரவு வந்தது. ஒரு நடை கீழே போய்ப் பார்த்திருக்கலாம். நானே போட்ட முடிச்சுதானே என்று இருந்துவிட்டேன். மடையன்.

பெரியவர்கள் பந்தயத்தில் முதல் மூன்று பேர் சிட்டாகப் பறந்தார்கள். நான்காவது, சிவப்புச் சட்டை, அறுபத்து நாலாம் நம்பர். பிரேக் பிடித்தான். ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்க, சாய்ந்தபடியே வளைவுக்குள் மறைந்தான். மெத்தை இருக்கிறது என்று நினைத்தேன். சிரித்தேனோ என்னவோ.

கேட்டது தொப் இல்லை. இரும்பு.

ஓடினேன். கம்பம் மொட்டையாக நின்றது. அடியில் கயிற்றை அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. வீட்டில் துணிக்கொடியை அப்படிச் சுருட்டுவது ஒரே ஒரு ஆள்தான்.

பையனுக்குக் கண் திறந்திருந்தது. “என் சைக்கிள் எங்க?” என்றான். அப்புறம் பேசவில்லை. பந்தயத்தோடு வந்த ஆம்புலன்ஸ் உடனே அள்ளிக்கொண்டு போனது. பிழைப்பானா என்று கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு ரூபியெலா கீழே வீட்டிலிருந்து மாவுக் கையோடு வந்து நின்றாள். ரத்தத்தைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள்.

“பச்சைக் கொடி போச்சே. நான் பார்த்தேனே. நீங்கதானே சொன்னீங்க?”

குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். இன்று இரண்டு பந்தயம், இரண்டு பச்சைக் கொடி கார் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

ரேடியோ அலறியது. “பதினாலு! பெரிய கூட்டம் இறங்குது, நாலு நிமிஷம்! ரோடு காலியா? பதினாலு, பேசுய்யா!”

அவள் வீட்டுக்கு ஓடினாள். மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளுத்த விரிப்பை ஏற்கெனவே அதற்கு மாட்டிவிட்டிருந்தாள், மஞ்சள் பூப் போட்டது. இருவரும் சேர்ந்து கட்டிய அவசரத்தில் ஒரு முடிச்சுதான் விழுந்தது. அதுவும் நழுவியது.

“விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்.”

“பைத்தியமா? தள்ளுங்க!”

“நீங்க மேல போங்க. விசில் ஊதுங்க.”

கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, சுற்றிக் கை போட்டு மெத்தையை இறுக்கினாள். பூக்களுக்கு நடுவே அவளுடைய பத்து விரல்கள் மட்டும் தெரிந்தன, மாவோடு.

மேலே ஓடினேன். அங்கிருந்து அவள் தெரியமாட்டாள். மலையில் சக்கரங்களின் இரைச்சல் கேட்டது. விசிலை வாயில் வைத்தேன், மூச்சு வரவில்லை. கொடியைத் தூக்கிப் பிடித்து, காதை மட்டும் கீழே வளைவுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றேன்.